கேட்டை மூடுங்க, மாடு வருது

ஒருவழியா இன்னிக்கு மண்ணூர்பேட்டை வீட்டுக்கு ஃபைபர் நெட் வந்துடுச்சு.

ரூட்டரைச் சுவத்துல மாட்டிட்டு, "வைஃபைக்குப் பேரு இன்னா வெக்கட்டும் சார்?"ன்னு கேட்டார் வந்தவர். மத்தவங்க என்ன வெச்சிருக்காங்கன்னு போன்ல பார்த்தேன். முதல் பேரே "கேட்ட மூடுங்க மாடு வருது".

"மேல கல்பனா மேடம் ஊடு சார். நான்தான் போட்டுக் குடுத்தேன்."

மேல போய் கல்பனா அக்காகிட்டயே ஏன் இப்படி ஒரு பேருன்னு கேட்டேன்.

"பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா எல்லாரும் மியூட். நோட்டீஸ் ஒட்டினா கிழிச்சிடறாங்க. வைஃபை பேரு மட்டும்தான் தம்பி, எல்லார் போன்லயும் தானா போய் நிக்குது."

"யாராவது மூடறாங்களா அக்கா?"

"இதுக்கு முன்னாடி 'மோட்டார நிறுத்துங்க'ன்னு வெச்சிருந்தேன். இப்ப டேங்க் வழிஞ்சு பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. சண்டை போடாம, யார் பேரையும் இழுக்காம ஒரு பில்டிங்கையே திருத்துற இந்த மூளைக்கு நான் ரசிகன்.

பேசிக்கிட்டே அவங்க பால்கனியிலேர்ந்து எட்டிப் பார்த்தேன். ரூட்டர்காரருக்காக நான் திறந்த கேட் அப்படியே கிடந்துச்சு. உள்ள ஒரு மாடு நிதானமா செம்பருத்திய மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ஓடிப் போய் விரட்டி, கேட்டை மூடிட்டு வந்து ரூட்டர்காரர்கிட்ட பேரு சொன்னேன்: "மூடிட்டேன் அக்கா".

உங்க பில்டிங் வைஃபை லிஸ்ட்ல யாரு யாரைத் திட்டுறாங்க?