மணியம் துவைக்க மறுத்த சிலுவார்

1. வெள்ளிக்கிழமை காலை

மணியம் இடுப்பைக் காட்ட மறுத்தான்.

"இவ தொல்ல தாங்காமதான் வந்தேன் டிரசரே. களிம்பு ஏதாச்சும் குடுங்க, போயிர்றேன்" என்றான்.

அவன் மனைவி லெட்சுமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைத்தாச்சி. "காட்டாம களிம்ப எங்க தடவுவாரு, செவத்துலயா?" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசராக இருந்தேன். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன், காயம் கட்டுபவன், பிரசவத்துக்கு ஓடுபவன், எல்லாம் டிரசர்தான். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவார். மற்ற நாட்களில் தோட்டத்து மக்களுக்கு நானே டாக்டர். ஆனால் சம்பளம் மட்டும் டிரசர் சம்பளம்.

நான் ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் மணியம் சட்டையைத் தூக்கினான். இரண்டு பக்க இடுப்பிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. ஓரமெல்லாம் கொப்புளம்.

"புல்லுல விழுந்த ஒரசல்தான்" என்றான்.

புல்லில் உரசிய காயம் நான் பார்க்காததா? இரண்டு நாளில் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வரும். இது ஓரத்திலிருந்து பரவிக்கொண்டு போனது. இப்படிப்பட்ட காயத்தை நான் வேறு ஆட்களிடம் பார்த்திருக்கிறேன். களைக்கொல்லி அடிக்கும் பெண்கள் முதுகில் பம்பு ஒழுகி வருவார்களே, அவர்களிடம். ஆனால் மணியம் வர்க்‌ஷாப் ஆள். மருந்து அடிக்கும் வேலைக்கு அவன் போனதே இல்லை.

"தொண்ட வலிக்குதா?"

"லேசா."

களைக்கொல்லி உடம்புக்குள் இறங்கினால் தொண்டையும் வலிக்கும்.

2. பந்துக்காகக் கொடுத்த வேலை

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் பந்து அணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பந்து விளையாட்டு என்றாலே ஆகாது. இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக அடித்துக்கொண்டு என்னிடம் வந்து கட்டுப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தோட்ட மானேஜர் துரைக்கு அது உயிர். அவர் சீனர். தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். சுற்றுவட்டாரத் தோட்டங்களும் கம்பம் எனப்படும் கிராமங்களும் சேர்ந்து நடத்திய லீக்கில் கோப்பை வாங்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டியிருந்தார்.

அதற்காக வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்தார். பேருக்கு ஒரு வேலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீடு. பயிற்சி உள்ள நாட்களில் மத்தியானத்தோடு வேலையை விட்டுவிடலாம். இருந்தும் அன்றைக்கு முழுப் பேர் விழும். 'பேர்' என்பது தோட்டக் கணக்கு. ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர்.

மணியம் ரவாங் பக்கத்திலிருந்து அப்படி வந்தவன்தான். கோல்கீப்பர். "சீசன் முடியட்டும், கோப்ப வரட்டும், உனக்கு பெர்மனன் வேல போடுறேன்" என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். லயத்து வீட்டில் லெட்சுமி அதை நம்பித்தான் அடுப்பு மூட்டினாள். கோப்பை போனால் வீடும் போகும். மணியத்தை மிரட்ட வேறு எதுவும் தேவையில்லை.

சீசன் தொடக்கத்தில் தோற்றுக்கொண்டே வந்த அணி, திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தது. அது முதற்கொண்டு யாரும் ஆட்டச் சிலுவாரை, அதாவது கால்சட்டையை, துவைக்கவில்லை. ஜெயிக்கிற சிலுவாரைத் துவைத்தால் அதிர்ஷ்டம் தண்ணீரோடு போய்விடுமாம்! காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆள் கூடும்போதே அந்த வாடை வந்துவிடும். அவர்களோடு லோரியில் போவதற்கு நடந்தே போகலாம் என்று நான் கேலி செய்வேன்.

மணியத்தின் சிலுவாரில் இன்னொரு விசேஷம் இருந்தது. பாய்ந்து விழும்போது இடுப்பில் அடிபடாமல் இருக்க, பழைய மெத்தையிலிருந்து பஞ்சை வெட்டி இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள் லெட்சுமி.

"அந்தச் சிலுவாரக் கொண்டா" என்றேன்.

"அத எதுக்கு டிரசரே? நாளான்னைக்கு ஃபைனல்" என்று மணியம் எழுந்தே விட்டான். லெட்சுமி அவன் பேச்சைக் காதில் வாங்காமல் லயத்துக்குப் போய் எடுத்து வந்தாள். கையுறை போட்டுக்கொண்டு பஞ்சைப் பிதுக்கினேன். பழுப்பாக ஒரு துளி வந்தது. களைக்கொல்லி வைக்கும் மருந்து ஸ்டோர் வாடை.

3. கோடு

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவே புல் கருகி, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அழகான கோடு. என்ன நடந்தது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

மருந்து மண்டோர் குப்புசாமியைக் கூப்பிட்டு அனுப்பினேன். களைக்கொல்லி அடிக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். அணி தோற்றால் சோறு தின்னமாட்டார்.

"அண்ணே, இதுல என்னா ஊத்துனீங்க?"

முந்தைய ஆட்டத்தில் மழை பெய்து சுண்ணாம்புக் கோடு கரைந்து போயிருந்தது. மணியம் பிடித்த பந்தை, கோட்டைத் தாண்டிவிட்டது என்று கோல் கொடுத்துவிட்டார்கள். ஆட்டத்தை ஜெயித்தும் துரைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எல்லார் முன்னாலும் குப்புசாமியைப் பிடித்துத் திட்டினார்: "அடுத்த தடவ கோடு அழிஞ்சிச்சி, உன்ன தொலச்சிருவேன். என்னா செய்வியோ எனக்குத் தெரியாதுலா!"

குப்புசாமிக்குத் தெரிந்த ஒரே அழியாத கோடு, புல்லை எரித்துப் போடும் கோடு. மருந்து அவர் கையில் இருந்தது.

"தண்ணி எம்புட்டு கலந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "மத்த கோட்டுக்கெல்லாம் கலந்தேன். கோல் கோட்டுக்கு மட்டும் கலக்கல டிரசரே. பளிச்சுன்னு விழணும்னு..."

"எப்ப ஊத்துனீங்க?"

"தொர திட்டுன மறுநா மத்தியானந்தான். சாயங்காலம் பசங்க பயிற்சிக்கு வந்தாங்க."

ஈரம் காயாத கோட்டின்மேல் மணியம் அன்றைக்குப் பாய்ந்து பாய்ந்து விழுந்திருக்கிறான். பஞ்சு உறிஞ்சிக்கொண்டது. துவைக்காத சிலுவாரை அதற்கப்புறமும் பயிற்சிக்குப் பயிற்சி மாட்டியிருக்கிறான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. குப்புசாமி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்ற எனக்கு நேரம் இல்லை.

4. சீட்டு

மற்ற ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்தி, உடம்பு முழுக்கப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. சிலுவார்களைச் சோப்புப் போட்டுத் துவைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே துவைத்தார்கள். கோல் கோட்டை வெட்டி எடுத்துப் புதைத்து, புதுச் செம்மண் போடவைத்தேன். மணியத்தைச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்துவிட்டு, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன்.

மணியம் சீட்டை வாங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஆடிட்டுப் போறேன். ரெண்டு நாள்தானே?"

"இந்த மருந்து தோலோட நிக்காதுடா. நெஞ்சுக்குள்ள போனா மூச்சு நின்னுரும். மாத்து மருந்து கெடையாது."

"வீடு போச்சுன்னா இவள எங்க கொண்டுபோய் வைக்கிறது? நீங்க வச்சிக்கிறீங்களா?"

கோபம் வந்தது எனக்கு. சீட்டை மறுபடியும் அவன் முன்னால் நீட்டினேன்.

அதற்குள் துரையே வந்துவிட்டார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே சத்தம்.

"என்னா இது டிரசர்? சும்மா தோல் உரிஞ்சதுக்கு கிள்ளானா? கட்டுப் போட்டு விடுலா. ஃபைனலுக்கு என் கோல்கீப்பர் வேணும்."

"இவன் ஞாயித்துக்கெழம ஓடியாடி மூச்சு வாங்குனா, அடுத்த வாரம் இவனுக்கு மூச்சே இருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றியே. அப்புறம் எப்படி நிறுத்துற?"

"தெரியாததாலதாங்க நிறுத்துறேன்."

துரை மணியத்தைப் பார்த்தார். மணியம் துரையைப் பார்த்தான். இருவரும் ஒரே பக்கம், நான் மட்டும் எதிர்ப்பக்கம். 

லெட்சுமிதான் வந்து சீட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். "வீடு போனா போகட்டும். ஏறுங்க ஆஸ்பத்திரி வேன்ல" என்றாள். மணியம் ஏறினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

சுங்கை பஞ்சாங் பக்கத்து அணிதான் எதிராளி. நெல் வயலில் ஓடிப் பழகிய கால்கள், சேற்றிலும் சறுக்காது. எங்கள் அணியில் கோலுக்குள் நின்றவன் ரப்பர் மரம் சீவும் ஒரு பால்வெட்டுக்காரன். அவன் பந்தைப் பிடித்ததைவிட முகத்தில் வாங்கியதுதான் அதிகம். எனக்குப் பந்து பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்த்தேன். தோற்றால் மணியத்தின் வீடு போகும். அதற்குக் காரணம் நான் என்று தோட்டமே சொல்லும். டிஸ்பென்சரிக் கண்ணாடிக்குக் கல்லும் வரும்.

ஜெயித்துவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு கோல். துரை அந்தப் பால்வெட்டுக்காரனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அப்பாடா என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். மணியம் கிள்ளானில் பத்திரமாக இருக்கிறான், கோப்பையும் வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

மறுநாள் லெட்சுமி அழுதுகொண்டு வந்தாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்து போனானாம். ஜெயித்தது அந்தப் பால்வெட்டுக்காரன் அல்லவா? இனி மணியம் எதற்கு?

6. ஆபீசில்

துரையின் அறைக்குள் டிரசர் தானாகப் போகும் வழக்கம் அன்றைக்குக் கிடையாது. நான் போனேன்.

"மணியம் இனிமே கோல் காப்பானா?" என்று துரை கேட்டார்.

"மாட்டாங்க. நெஞ்சு பழையபடி வருமான்னு சொல்லமுடியாதுன்னு கிள்ளான்ல சொல்லிட்டாங்க."

"கோல் காக்கத்தான் அவனுக்கு வேல குடுத்தேன். காக்க முடியாதவன வச்சி என்னா செய்ய? பந்து வெளையாடி அடிபட்டா அதுக்குத் தோட்டம் பொறுப்பில்லலா."

"பயிற்சிக்குப் போன மத்தியானத்துக்கும் முழுப் பேரு போட்டீங்க. கூலி குடுத்தா அது வேலதாங்க. வேலையில பட்ட காயம், தோட்டத்து மருந்தால பட்ட காயம். இத டாக்டர் வர்றப்ப அவருகிட்டயும் இப்படியேதான் சொல்லப்போறேன்."

துரை எழுந்துவிட்டார். "நீ டிரசரா, யூனியனா?"

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். குப்புசாமி. எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார்.

"நாந்தாங்க ஊத்துனேன். அவன அனுப்பாதீங்க. என்னைய அனுப்பிருங்க."

துரை அவரை வெகுநேரம் பார்த்தார். கோடு அழியக்கூடாது என்று கத்தியது யார் என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். குப்புசாமி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துரை பிடிவாதம் பிடித்திருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

"தண்ணிப் பம்புக்கு ஆள் வேணும்" என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஓட வேண்டாம், தூக்க வேண்டாம். அங்க போடு. வீடு இருக்கட்டும். குப்புசாமி, நீ வேலைக்குப் போ. டிரசர், இன்னொரு தடவ இப்படி வந்து என் முன்னால நின்ன, உனக்குச் சாமான் ஏத்த லோரி வரும்."

7. திரும்பி வந்தவன்

மணியம் பல வாரங்கள் கழித்துத்தான் திரும்பினான். டிஸ்பென்சரியில் நாலு படி. நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினான். வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன் டிரசரே" என்றான். "கிள்ளான்ல பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இதே மருந்து பட்டதுதான். அவனும் ரெண்டு நாள் பொறுத்து வந்தவனாம். அவன் பொண்டாட்டி ஒருநாள் வந்து தண்ணி போத்தலயும் போர்வையயும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா. என்னையத் திரும்பியே பாக்கல."

அவன் அழுதான். நானும் அழுதேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

துரை சொன்ன லோரி வரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ பேருக்காக அந்த அறையில் போய் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பயம்தான், பழகவே இல்லை.

இப்போது கிளினிக்குகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருவனை வேலைக்குப் போகாதே என்று நிறுத்தும் சீட்டில் கையெழுத்துப் போடும்போது தயங்காதீர்கள். ஆனால் போட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மணியம் என்னைக் கேட்டானே, இவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று, அதற்கான பதிலைத் தேடிக்கொண்டு அவனுடைய முதலாளியின் வாசலுக்கு நீங்கள்தான் போக வேண்டும். உடம்பு சரியில்லாதவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.