கற்பூரம் எரியும் மட்டும் ஓடிய கார்

நிறுத்திப் போட்ட வண்டிக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஸ்டான்லி ஒர்க்‌ஷாப் என்று திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஓடாத வண்டியில் ஆயில் மெல்ல இறங்கி, இன்ஜினின் அடிச்சட்டியில் போய்த் தங்கிவிடும். அது அதன் குணம். மூன்று மாதம் கிடந்தாலும் சாவியைத் திருப்பியதும் பம்ப் அதை மேலே ஏற்றிவிடும். இந்த எளிய விஷயத்தைச் செல்லக்கிளி அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்குத் தாடிக்கொம்பில் அரை ஏக்கர் மல்லிகை. பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பியே, ஒற்றை ஆளாக மகன் ராஜ்கமலைப் படிக்க வைத்தார். அவன் பெங்களூரில் வேலைக்குப் போய், யாரோ ஓட்டி முடித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினான். ஆறு மாதம் ஓட்டினான். அதற்குள் ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைம்மா, நான் வந்து ஓட்டணும்" என்று சொல்லி, காரை அம்மா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனவன், மூன்று வருடமாக வரவில்லை.

போன மாதம் எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, நான் இங்கயே வீடு வாங்கப் போறேன். வண்டி நல்லா இருந்தா வித்துருங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து கிளச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கற்பூரம் அணைந்ததும் நிறுத்திவிட்டார்.

"அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான் தம்பி. ஒரு வாரம் விட்டதில்ல. இந்தச் சத்தம் கேட்டா அவனே தெரு முக்குல திரும்புற மாதிரி இருக்கும். மகன் வந்துட்டானான்னு அக்கம்பக்கத்துல கேப்பாக. வாரான், வாரான்னு சொல்லுவேன்."

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் தயிர் ஏடு போல வெள்ளையாக அப்பியிருந்தது. அளவு பார்க்கும் குச்சியை உருவினால், ஆயில் பால் டீ நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி, உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்துவிட்டது. அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தொடாமலே விட்டிருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அக்கா பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாந்தான் கெடுத்துட்டேனா?"

"பயப்படாதீக. பழைய ஆயில வடிச்சுட்டு, புதுசு ஊத்தி ரெண்டு தடவ அலசினாச் சரியாயிரும்."

"சரியானா வித்துருவீகளே" என்றவர், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க தம்பி. அவன் வந்து பாக்காம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லுங்க. என்னையப் பாக்க வராட்டியும், வண்டியப் பாக்கவாச்சும் வருவான். கண்ணுக்குள்ளயே நிக்கிறான் தம்பி."

இன்ஜின் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கையை உதற எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே போன் போட்டு, அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. இன்ஜினப் பிரிக்கணும்போல. நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் ஒரு முடிவுக்கு வரலாம்."



"இதுக்காக அம்புட்டுத் தூரம் வர முடியுமாண்ணே? பழைய இரும்புக்காரன் எவனாச்சும் வந்தா இழுத்துட்டுப் போகச் சொல்லிருங்க. அம்மாகிட்ட நான் அப்புறமாப் பேசிக்கிறேன்."

வைத்துவிட்டான். என் வாயால்தான் இது வந்தது. அக்கா முந்தானையை எடுத்து, பானெட்டில் இருந்த என் கை அழுக்கைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"புது ஆயில ஊத்துங்க தம்பி" என்றார். "அரை மணி என்ன, ஒரு மணி நேரம்கூட ஓட்டிச் சரி பண்ணுங்க. வாங்குறவுக ஓட்டிட்டே போகட்டும். எம்புள்ள ஆசைப்பட்டு வாங்குனதக் கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போனா, என்னால பாத்துட்டு நிக்க முடியாது."