இரண்டு ராகு காலமும் ஒரு பலகைக் காரும்

என் தகரப் பெட்டியில் ஒரு ரசீது இருக்கிறது. ரப்பர் ஷீட் மூட்டையில் கட்டும் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதியது: "பலகைக் கார் ஒன்று. தையல் மெஷின் ஒன்றும் நெல் மூட்டை ஒன்றும் பெற்றுக்கொண்டு கொடுத்தேன். 2603, வெள்ளி, மணி ஒன்றே முக்கால்." கீழே விற்றவரின் கையெழுத்து. 2603 என்பது ஜப்பான்காரர்களின் ஆண்டுக் கணக்கு. நமக்கு அது 1943. மாதமும் தேதியும் இல்லை. எதையும் தேதியோடு குறித்துவைக்கிற நான் அதை எப்படி விட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அது மட்டும் நிச்சயம்.

மலாயாவில், லிங்கி போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஜப்பான் சண்டை வந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். மருந்து கொடுத்த டிரஸர் போனவர் திரும்பவில்லை. முந்தின வருஷம் மனைவிக்கு முதல் பிரசவ வலி வந்தபோது மாட்டு வண்டியில்தான் சிரம்பானுக்குக் கிளம்பினோம். மம்பாவ் தாண்டிச் சிறிது தூரத்தில் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. இரண்டாவது தடவை உண்டானதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "மாட்டு வண்டி வேணாங்க."

மம்பாவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் தம் பழைய வண்டியை விற்கப்போவதாகச் சேதி வந்தது. முன்பாதி கார், பின்பாதி பலகையால் அடைத்த கூடு. பின்கதவைத் திறந்தால் ஓர் ஆளை நீட்டிப் படுக்கவைக்கலாம். இன்றைக்கு ஸ்டேஷன் வேகன் என்கிறார்கள். நாங்கள் பலகைக் கார் என்போம். ஜப்பான் நோட்டு வேண்டாம், பொருளாகக் கொடுத்தால் போதும் என்றாராம். எங்களிடம் பொருள் என்று இருந்தது மனைவியின் தையல் மெஷின். அவளே அதைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். அதோடு ஒரு நெல் மூட்டையும் சேர்த்தேன். நோயாளிகளை ஏற்றுவதற்கென்று தோட்டத்துப் பேரில் பெர்மிட்டும் வாங்கிவிட்டேன்.

துணைக்கு மச்சானை அழைத்துக்கொண்டேன். மனைவியின் அண்ணன், பட்டாளம் பிடுங்கிக்கொண்டு போகும்வரை தோட்டத்து லோரியை ஓட்டியவர். என் சட்டைப் பையில் ஒரு தாள். பழைய மோட்டார் பத்திரிகை ஒன்றிலிருந்து, பழைய வண்டி வாங்குகிறவன் பார்க்க வேண்டியவற்றை எழுதிவைத்திருந்தேன். முதல் வரி: எஞ்சின் ஆறியிருக்கும்போதே நீயே கிளப்பிப் பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி மரத்தடியில் நின்றது. பானெட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று, முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுக்கக் குனிந்தேன்.

"மாப்ள, கை வைக்காதீங்க. மணி பத்தரை. வெள்ளிக்கிழமை" என்றார் மச்சான்.

"இது டோக்கியோ மணி மச்சான். ஒன்றரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருக்கான். நம்ம பழைய மணிக்கு இப்பதான் ஒன்பது. பஞ்சாங்கம் பழைய மணிக்குப் போட்டது. ராகு காலம் இனிமேதான் வரும்."

"அப்ப ராகு மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் மணியிலதான் இருக்காரா? ஊரே புது மணிக்கு மாறிருச்சு லா."

விற்பவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், எங்களைவிட மூத்தவர். வாசலில் நின்று சிரித்தார். "தம்பி, எங்க வீட்டுல ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது. வண்டி வேணுமா, பஞ்சாங்கம் வேணுமா?"

யோசித்தால் என் கணக்குதான் சரி. ராகு காலம் சூரியன் எழுவதை வைத்து வருவது. கடிகார முள்ளைத் தள்ளினால் அது தள்ளிப்போகாது. ஆனாலும் ஹேண்டிலை எடுக்காமல் நிமிர்ந்தேன். முந்தின வருஷம் மாட்டு வண்டியைப் பூட்டச் சொன்னது நான். நேரம் பார்க்காமல் சொன்னேன். மச்சான் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்று காலையில் மனைவி மட்டும், "இந்தத் தடவ நேரம் பாத்துச் செய்ங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கடைசியில் இரண்டையும் ஒதுக்கிவிடுவது என்று முடிவாயிற்று. மச்சானின் ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. என்னுடையது, அதே கடிகாரத்தில், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. மூன்று மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். நடுவில், சவாரிக்கு வந்த ஒரு பெண்ணைச் சிரம்பான் பக்கத்து ராசாவில் விட வேண்டும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சரிவில் இறக்கிக் கிளப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. எந்த மணி உண்மையான மணி என்று மச்சானும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தோம்.

ஒன்று நாற்பதுக்கு, அவர் திரும்பி வந்து மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தேன். ஒரே சுற்றில் கிளம்பியது.

"பாத்தீங்களா? நேரம்!" என்றார் மச்சான். தாளில் முதல் வரிக்கு எதிரே நான் சரி என்று குறித்தேன்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. மச்சான் வேர்க்க வேர்க்கச் சுற்றினார். பெட்ரோல் கிடைக்காத காலம். ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி வடித்த எண்ணெயில்தான் வண்டிகள் ஓடின. எஞ்சின் ஆறினால் அந்த எண்ணெய் உள்ளே பிசினாகப் பிடித்துக்கொள்ளும். எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். இதற்கு மிக அதிகம். வெயில் ஏறிய பிறகே மனம் வந்தது அதற்கு. முந்தின நாள் நான் கிளப்பியபோது அது ராசா போய்வந்த சூட்டில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க அதிலேயே மம்பாவுக்குப் போனோம். மெஷின் ஏற்கெனவே கைமாறிவிட்டது என்றார் அவர்.

"நீங்க வந்தப்ப வண்டி ஆறித்தான் கெடந்துச்சு, கிராணி. நான் ஒங்க கையக் கட்டிப் போட்டேனா? ஒங்க ராகுகிட்டப் போய்க் கேளுங்க."

அவர் ஏமாற்றினாரா, நாங்களே ஏமாந்தோமா? அதே வண்டியில் திரும்பினோம். மனைவியிடம், வண்டி நன்றாக ஓடுகிறது என்றேன். பொய்யில்லை, ஓடும்போது நன்றாகத்தான் ஓடியது.

வலி எடுத்தது, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில். ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். மச்சான் ஹேண்டிலைச் சுற்றினார். உள்ளங்கை தோல் உரிந்தது. எஞ்சின் செருமியதோடு சரி. யாரோ மாட்டு வண்டியைப் பூட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவிதான் வழி சொன்னாள். ஷீட்டுகளைப் புகை போடும் கூடத்தில் வேலை செய்பவள். "பொகைக்கூடத்துல ராவெல்லாம் எரிஞ்ச தணல் கெடக்கு. அள்ளிட்டு வந்து அடியில வைங்கய்யா. ஷீட்டையே காயவைக்குது, இத எளக்காதா?"

"எண்ணெ வண்டிக்கு அடியில நெருப்பா?" என்றார் மச்சான்.

"ஒந்தங்கச்சி கத்துறது காதுல விழலியா?"

தகரத் தட்டில் தணலை அள்ளி எஞ்சினுக்கு அடியில் தள்ளினார்கள். சுற்றிலும் ஈரச் சாக்கோடு ஆட்கள் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. எனக்கு அது ஒரு பகல். பிறகு எஞ்சின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது.

மண்டோரின் மனைவியும் என் மனைவியும் பின்னால், நான் மச்சானுக்குப் பக்கத்தில். மம்பாவ் தாண்டியதும் மண்டோரின் மனைவி பலகையில் தட்டி, "நிறுத்துங்க!" என்றாள். வண்டியை நிறுத்தலாம், எஞ்சினை நிறுத்த முடியாது; காலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு அது மறுபடி பிடிக்கும் என்று நம்ப நாங்கள் தயாரில்லை. மச்சான் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருந்தார். வண்டி முழுக்க அதிர்ந்தது. நான் இறங்கிப் பின்கதவுக்கு ஓடினேன். அதற்குள் முடிந்திருந்தது. துணிக்குள் சின்னதாக ஏதோ அசைந்தது, அல்லது வண்டியின் அதிர்வில் அசைவதுபோல் இருந்தது. வாய் திறந்திருந்தது. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"அழுதுச்சா?" என்று கத்தினேன்.

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. மச்சானைப் பார்த்து எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அணைத்தால் நடுரோட்டில் நின்றுவிடலாம் என்று தெரிந்தும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மண்டோரின் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் நெஞ்சின்மேல் வைத்தாள். விரலுக்கடியில் அது விம்மிக்கொண்டிருந்தது. வண்டியின் நடுக்கத்தோடு சேராத தனி விம்மல். என் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாயையும் மகளையும் சேர்த்தோம். மகளின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்று ஆஸ்பத்திரியைத்தான் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ராசாவுக்கு முந்தின வளைவில் என்கிறார் மச்சான். வளைவுக்கு வெகுமுன்னால், முதல் குழந்தை போன இடத்துக்குப் பக்கத்தில் என்கிறாள் என் மனைவி. மண்டோரின் மனைவியைக் கேட்க நினைத்தபோது அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் இரண்டு முறை நடந்து பார்த்தேன். எனக்கு இடம் பிடிபடவில்லை. என் மகள் எந்த இடத்தில் பிறந்தாள் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.