தேத்தண்ணி வாங்கப் போகவில்லை

அண்ணாவின் இந்த நினைவு மலரை வாங்கி வாசிக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். பிறகுதான் இது அச்சில் வரும் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே கையெழுத்துக்கான மன்னிப்பை, இதைத் தட்டச்சு செய்யும் அண்ணாவின் மகள் சாந்தியிடம் மட்டும் கேட்கிறேன். எழுத்துப் பிழைகளுக்கு எல்லோரிடமும் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாந்தி, பிழைகளைத் திருத்து. விஷயத்தைத் திருத்தாதே.

அண்ணா யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பிறந்தார். எங்கள் வீட்டு வளவுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு வேலிதான் இருந்தது. எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. ரயில்வேயில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். வேலைக்கு நடுவில் சிங்களமும் ஆங்கிலமும் படித்து, சோதனை எழுதி, ஸ்டேசன் மாஸ்டர் ஆனார். இரண்டு அக்காமாரையும் கட்டிக்கொடுத்த பிறகே தான் கலியாணம் செய்தார். என்னையும் படிப்பிக்கப் பார்த்தார். நான்தான் போகவில்லை.

சண்டையில் வடக்குக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அண்ணா தெற்கே மாற்றலாகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்தார். 2009இல் சாந்தி அழைக்க, அவர் மனைவியான என் மச்சாளோடு அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேணின் கிளென் வேவர்லிக்கு வந்தார். அடுத்த வருடம் நான் படகில் வந்தேன். தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த அன்று, ஸ்பிரிங்வேலில் எனக்கு அறை பார்த்து, போர்வையும் சோற்றுப்பானையும் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

எங்கள் நாட்டு ரயில்வேயில் ஒரு முறை உண்டு. நிற்காமல் போகும் ரயிலை ஸ்டேசன் மாஸ்டர் எழுந்து நின்று பார்க்க வேண்டும். உருளும் சில்லில் புகை வருகிறதா, கதவு ஆடுகிறதா, பெட்டி ஏதும் கழன்று பின்னால் நின்றுவிட்டதா என்று கடைசிப் பெட்டி கடக்கும்வரை பார்க்க வேண்டும். மெல்பேணிலும் அண்ணா அதை விடவில்லை. ரயில் வரும் சத்தம் கேட்டால் இருக்கும் வாங்கிலிருந்து எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டு நேராக நிற்பார். பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"அண்ணை, இருங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"அவை என்னைப் பாக்கட்டும். நான் கோச்சியைப் பாக்கிறன்."

2012 தொடக்கத்தில் ஒரு பின்னேரம், நாங்கள் இருவரும் ஒரு நிலையத்தில் நின்றோம். அதன் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்தவர்களில் பிழை இல்லை. ஒரு ரயில் நிற்காமல் போனது. அண்ணா திடீரென்று விளிம்புவரை ஓடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராக உயர்த்தினார். எங்கள் ரயில்வேயில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். இங்கே யாருக்கு அது தெரியும்? பாயப் போகிறார் என்று நினைத்துச் சனம் கத்தியது. சீருடை போட்ட நிலையத்துப் பெண்பிள்ளை ஒருத்தி ஓடிவந்து அவரைப் பிடித்து வாங்கில் இருத்தினாள்.

"ஸ்மோக், ஸ்மோக்" என்றார் அண்ணா. பதற்றத்தில் ஆங்கிலம் அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, சொல்லடா. மூண்டாம் பெட்டி, சில்லிலை புகை" என்றார்.

அந்தப் பிள்ளை என்னிடம் திரும்பி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

என் விசா அப்போது எந்த நேரமும் பறிக்கக்கூடிய ஒரு தற்காலிகக் கடதாசி. சீருடையைக் கண்டால் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவரால் வெட்கமாக இருந்தது.

"நோ" என்றேன். எனக்கு ஒழுங்காக வரும் ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

அண்ணா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம், "நோ, நோ. டிஃபரன்ட் மேன்" என்றார்.

நான் மேடையின் மற்ற முனைக்கு நடந்துபோய் நின்றேன். கொஞ்ச நேரத்தில், முன்னால் போன ரயிலைச் சோதனைக்காக நிறுத்தியிருப்பதாக அறிவித்தார்கள். அந்தப் பிள்ளை அண்ணாவிடம் திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கியதையும், பெயர் கேட்டதையும் தூரத்திலிருந்து கண்டேன். "ஸ்டேசன் மாஸ்டர்" என்று சத்தமாகச் சொன்னார். அது எனக்கும் கேட்டது. எங்கள் ரயில் வந்ததும், என் பொய் வெளிப்படாமல் இருக்க, அவர் வேறு பெட்டியில் ஏறினார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். "அப்ப சித்தப்பா எங்க?" என்று சாந்தி கேட்டாள்.

"அவன் எனக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிட்டான். நிண்டிருந்தால் வடிவா இங்கிலிஷிலை விளங்கப்படுத்தியிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று தொடக்கம் நான் 'தேத்தண்ணிச் சித்தப்பா'. பிறந்தநாள் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணா கதைக்குள் என்னைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுவார். நானும் சிரிப்பேன்.

ஊரில் திரும்பவும் தண்டவாளம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். வவுனியாவிலிருந்து ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிக்கொண்டு வருவார். அக்காவின் பேரன்மாரை ரயில்வேக்கு மனுப்போடச் சொல்லித் தொலைபேசியில் கரைச்சல் கொடுப்பார். "எங்கடை பெடியள் கொடி பிடிக்கவேணும்" என்பார். கொடிகாமத்துக்கு ரயில் வரும்போது போய் நின்று பார்ப்பதாக இருந்தார். அதற்கிடையில் ஈரல் வருத்தம் வந்துவிட்டது.

கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில் நான் போனபோது தாதி என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

"பிரதர்" என்றேன்.

கண்ணை மூடிக் கிடந்த அண்ணா, "நோ, நோ. டிஃபரன்ட் மேன்" என்றார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் கதைத்தது அந்த ஒரு தடவைதான். பகிடியா, மனதில் கிடந்த நோவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன் அண்ணை" என்று வெளியே போனேன். உண்மையாகவே வாங்கினேன். திரும்பி வந்தபோது நித்திரையாகிவிட்டார். பிறகு அவர் கதைக்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது.

அண்ணாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்குச் சமைத்துத் தந்த என் அறை நண்பர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து மச்சாளோடு இருந்தவர்களுக்கும் நன்றி. அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய அந்தப் பெயர் தெரியாத பிள்ளைக்கும் நன்றி. நான் செய்யாததை அவள் செய்தாள்.

இதை வாசித்த பிறகு சாந்தி என்னை வீட்டுக்குக் கூப்பிடுவாளோ தெரியாது. கூப்பிட்டால், தேத்தண்ணிச் சித்தப்பா என்றே கூப்பிடட்டும். ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்து கூப்பிடட்டும்.

ஸ்பிரிங்வேல்,
ஞாயிற்றுக்கிழமை, 08.09.2013