எழுபத்தொன்றா, எழுபத்தைந்தா

பேருந்து வளைவில் திரும்பும்போது ‘பிரேக் அக்கா’வின் வலது கால் தரையை அழுத்தும். முதலில் செருப்பின் நுனி, அப்புறம் பாதம் முழுக்க, மெதுவாக, சீராக. வளைவு முடிந்ததும் அதே நிதானத்தோடு கால் தளரும். தம்பியின் காரில் முன்னால் உட்கார்ந்தாலும் அப்படித்தான். தொலைக்காட்சியில் யாராவது வண்டியைப் பறக்கவிட்டால், சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். “அது பாட்டுக்கு அழுத்துது, நான் என்ன பண்றது?” என்பார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல.

முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பள்ளிக் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழும் பெடல்கள் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க வேண்டும். அந்தப் பக்கத்து இருக்கையில்தான் அக்காவின் ஆயுள் ஓடியது. ஊரில் பாதிப் பேர் அவர் காலை நம்பி வண்டி பழகியவர்கள். பிரேக் அக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். முகத்துக்கு நேரே மேடம். நடுச்சாலையில் வண்டி அணைந்து நின்றால், பழகுகிறவருக்கு வியர்க்கும் முன்பே அக்காவின் கை குறுக்கே வந்து சாவியைத் திருப்பிவிடும். “பயப்படாத. நான் இருக்கேன்ல.” தூக்கத்தில்கூட இதைச் சொல்வதாகத் தம்பி கேலி செய்வான்.

அக்கா உயரம் கம்மி. சாலை தெரிவதற்காக எங்கே போனாலும் ஒரு சிறு தலையணை கூடப் போகும். நடுவில் குழி விழுந்து, உறை மட்டும் புதிதாக இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “ஓட்டறவன் எவனா இருந்தாலும் நான் பிரேக் போட்டுருவேன். குடும்பம் எப்படி நகரும்?” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போவதாக அறிவித்தார். இரண்டே இருக்கை, கூரையை மடக்கிவிட்டால் மேலே வானம். எந்தக் காலத்திலோ பள்ளிக்கு எதிர் சிக்னலில் அப்படி ஒன்று வந்து நின்றதாம். ஓட்டியவன் பக்கத்து இருக்கையில் வெங்காய மூட்டையை வைத்திருந்தானாம்.

“அதுக்கு என்னக்கா இப்போ?”

“மூட்டை பிரேக் போடாதுடா.”

தம்பி இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்று யோசிக்கிற மூளை. அக்காவின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்ச் மிதிக்கிற வண்டியை இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டினால் அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் கிளட்ச்சே இல்லாத வண்டியாக வாங்கு என்றான் தம்பி. அதனால்தான் இப்போதே வாங்க வேண்டும் என்றார் அக்கா. ஒரே எக்ஸ்-ரேயை இருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆளுக்கொரு நியாயம் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கார்களைச் செப்பனிட்டு விற்கும் மெக்கானிக்கின் ஷெட்டில் அக்கா கேட்ட கார் இரண்டு நின்றது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, நடுவில் நான்கு வருட வித்தியாசம்: ஒன்று 1971-இல் செய்தது, மற்றது 1975-இல். எழுபத்தொன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முன்னால் மீசைபோல மெல்லிய வெள்ளிப் பம்பர். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்ட இரண்டு கார்புரேட்டர், இரண்டும் ஒத்துப்போனால் பாட்டு, முறைத்துக்கொண்டால் இருமல். பிரேக்கைக் காலின் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். எழுபத்தைந்தில் கம்பெனி எல்லாவற்றையும் திருத்திவிட்டது. வண்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, தடித்த கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, லேசாகத் தொட்டாலே பிடிக்கிற பிரேக்கும் கொடுத்திருந்தது. ஒரே கார்புரேட்டர். சொன்னபடி கேட்கும்.

“ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே சொல்லிடுங்க மேடம். நீங்க விடறத எடுத்துக்க சாயங்காலம் ஒருத்தர் வர்றார்” என்றார் மெக்கானிக். தம்பி அதற்குள் எழுபத்தைந்தின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். “ஏறி இறங்க முட்டிக்கும் சௌகரியம்.”

மெக்கானிக் எழுபத்தைந்தின் சாவியை எடுத்து, “ஓட்டிப் பாக்கறீங்களா?” என்றார். அக்கா தலையணையோடு நடந்தார். வண்டியைச் சுற்றிப் போனார், கதவைத் திறந்தார், தலையணையைப் போட்டு உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், நேரே பார்த்தபடி காத்திருந்தார். மெக்கானிக் சாவியோடு நின்றார். ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தது.

“அக்கா, ஓட்ட யார் வரப்போறா?” என்றான் தம்பி. மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். அக்காவின் காதுமடல் சூடேறியது. அத்தோடு விட்டிருந்தால்கூட அன்றைய பகல் வேறு மாதிரி முடிந்திருக்கும். தம்பி தொடர்ந்தான். “நீ அங்கயே உக்காந்துக்கோக்கா. ஞாயித்துக்கிழமையானா நான் வந்து ஓட்டறேன். உனக்கும் பழக்கம், எனக்கும் ஆசை.”

அக்கா பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். தலையணையை இழுத்தெடுத்துத் தட்டினார். தேவைக்கு அதிகமாகவே தட்டினார். மறுபக்கம் போய் உட்கார்ந்து மெக்கானிக்கிடம், “நீங்க ஏறுங்க” என்றார்.

எழுபத்தைந்து ஒரு சுற்றுப் போய்விட்டுச் சட்டென்று திரும்பி வந்தது, கடைக்குப் போய்வந்த பிள்ளைபோல. பிறகு எழுபத்தொன்று போனது. அது வரத் தாமதமாயிற்று. தம்பி ஷெட்டு வாசலில் நின்று பார்த்தான். கடைத்தெருப் பக்கம் ஏதோ பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டி உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. அக்காவின் தலைமுடி ஒரு பக்கம் கலைந்திருந்தது.

“எந்த வண்டிக்கா?”

“எழுபத்தொண்ணு.”

தம்பி தன் அலுவலக மூளையைத் திறந்தான். முட்டி என்றான். “முட்டி போகத்தான் போகுது. எழுபத்தஞ்ச வாங்கினா போக மாட்டேன்னு எழுதிக் குடுக்குமா?” பிரேக் கல்லு மாதிரி இருக்குமே, அதை மிதிக்க உன்னால் ஆகுமா என்றான். “யாரப் பாத்துக் கேக்கற? இந்தக் கால் வேற என்னடா வேலை செஞ்சிருக்கு?” பத்திரம் என்று ஆரம்பித்தான். அக்கா விரலைத் தூக்கினார்.

“பத்திரமா இருந்தாச்சு. எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே சேத்து இருந்தாச்சு.”

“எழுபத்தஞ்சுல அப்படி என்னதான் குறை?”

“ஒரு குறையும் இல்ல, தங்கமான வண்டி. நான் மிதிக்கறதுக்கு முந்தியே மிதிச்சுடுது. பக்கத்துல நானே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.” மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, “எனக்கே என்னைத் தாங்க முடியல” என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெரு முனையில் முதலில் அந்த இருமல் கேட்கும், அப்புறம் பாட்டு. கூரை மடங்கியிருக்கும். தலையணைக்கு மேல் அக்கா, முகவாயை முன்னால் நீட்டியபடி. பக்கத்து இருக்கையில் அநேகமாகக் காய்கறிப் பை. வண்டியிலிருந்து இறங்க ஒரு கையால் கதவையும் மறு கையால் காற்றையும் பிடிப்பார். யாராவது உதவிக்கு வந்தால், “காட்சி முடிஞ்சிருச்சு, போங்க” என்பார். தம்பி ஒரே ஒரு முறை ஏறினான். முதல் வளைவிலேயே அவன் கால் தரையைத் தேடி அழுத்தியது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “அங்க ஒண்ணும் இல்லடா” என்றார்.

ஏறமாட்டானே தவிர, அவனுக்கு அக்காவைப் பற்றிப் பெருமைதான். “முதல் தடவை தொட்டப்பவே அடங்கிப்போச்சு. அதான் அதையே புடிச்சா” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். தெருவும் அப்படித்தான் நம்பியது.

வெகுநாள் கழித்து, கார்புரேட்டர் இரண்டும் முறைத்துக்கொண்டு வண்டி ஷெட்டுக்குப் போயிருந்தபோது, மெக்கானிக் போகிறபோக்கில் சொன்னதில்தான் அன்று நடந்தது தெரியவந்தது. எழுபத்தைந்தை அக்கா தண்ணீர் ஓடுவதுபோல ஓட்டினாராம். எழுபத்தொன்று கடைத்தெரு முனையில் அணைந்து நின்றதாம். கிளப்பினார், நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. பின்னால் பேருந்து, ஹாரன், எட்டிப் பார்க்கிற முகங்கள். “பாவமா இருந்துச்சு. நானே கிளப்பிக் குடுத்துடலாம்னு சாவிகிட்ட கைய நீட்டினேன்” என்றார் மெக்கானிக்.

அந்தக் கையை அக்கா பட்டென்று தட்டிவிட்டாராம்.