சாக்பீஸ் பொத்தான்

கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த பொத்தானை விரலால் அழுத்தியவன் நான். வயது ஐம்பத்திரண்டு. இணையத்தை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளன் வேறு.

கள்ளக்குறிச்சியில் நடந்த பயிற்சியில், அந்தப் பொத்தானைப் பின்னால் வரைந்த டீச்சர் முதல் வரிசையில் இருந்தார். ஒல்லி உடம்பு, நூல் கட்டிய கண்ணாடி. திரையில் நான் காட்டிய வினாடிவினாவை, பொத்தான் உட்பட, பக்கம் பக்கமாக நோட்டில் வரைந்துகொண்டே இருந்தார்.

"இன்டர்நெட்ட நோட்டுல ஏத்தி முடிக்கறதுக்குள்ள ரிட்டயராயிடுவீங்க டீச்சர்" என்றேன். அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த மாதம் மலையில், கரியாலூருக்கு மேலே அவருடைய பள்ளிக்கு ஆய்வுக்குப் போனேன். பயிற்சியைப் பயன்படுத்தவில்லை என்று நான் பதிந்தால் அவருக்கு மெமோ வரும்.

"வினாடிவினா நடத்துங்க டீச்சர்."

"சிக்னல் பாறை மேல ஏறினாத்தாங்க வரும். நான் ஏறிட்டா புள்ளைங்கள யாரு பாப்பாங்க, நீங்களா?"

பலகையைக் காட்டினார். கேள்வி, நான்கு விடைகள், கீழே 'அடுத்து' என்ற பொத்தான். என் வினாடிவினாவேதான்.

"அழுத்துங்க."

அழுத்தினேன். டஸ்டரால் அழித்துவிட்டு அடுத்த கேள்வியை எழுதினார். பிள்ளைகள் என்னைத் தள்ளிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

"நடத்தலன்னு எழுதிக்குங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

'பயன்படுத்துகிறார்' என்றே போனில் பதிந்து, 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன். அவர் பாடம் நடத்தினாரா, என்னைப் பழிவாங்கினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று பார்த்த ஜீப் டிரைவர், மலை இறங்கும்போது என் போனை எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா பட்டன அழுத்தினா அடுத்ததாவது வந்துச்சு சார். உங்குளுது இன்னும் சுத்திக்கினே கீது."