அசனத்தன்று ஃபெபி எழுதிய பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று எங்கேயோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறார். அவர் பாளையங்கோட்டைப் பக்கம் வந்தவரில்லை. வந்திருந்தால், சபையார் எல்லாரும் கூடிச் சமைத்து உண்ணும் அசனப் பண்டிகையன்று, தேவாலயத்தை ஒட்டின வீட்டில் ஒருத்தியைச் சத்தமில்லாமல் பரீட்சை எழுதச் சொல்லியிருக்க மாட்டார்.

ஃபெபிக்குப் பாறையோடு வேலை. சாலை போடும் ஒரு தனியார் நிறுவனத்தில், மலையை வெட்டிய சரிவு நிற்குமா, சரியுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வது அவள், அறிக்கையில் கையெழுத்துப் போடுவது சென்னையில் இருக்கும் மேல்படிப்புக்காரர். போன மழைக்காலத்தில் ஒரு சரிவின் உச்சியில் வெடிப்பைப் பார்த்துவிட்டு, 'தண்ணீர் இறங்கினால் பாறை சறுக்கும், மேல்பகுதியைக் குறைக்க வேண்டும்' என்று எழுதினாள். அந்தப் பாறைக்குக் கீழே தினமும் பேருந்து போகிறது. சென்னைக்காரர் அந்த வரியை எடுத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! சபையார் இந்தப் பழமொழியைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

அந்தக் கோபத்தில்தான் நிலவியல் பொறியியலில் மேல்படிப்புக்குச் சேர்ந்தாள். வேலையை விடாமல், பகுதி நேரமாக, ஆன்லைனில். சாயங்காலம் தலையில் பாறைத்தூசியோடு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாமியார் சாலோமிக்கு அது அடியோடு பிடிக்கவில்லை.

"கல்லப் பாக்கதுக்கு ஒரு படிப்பாக்கும்? மொதல்ல வீட்டுல உள்ள மனுசரப் பாரு" என்பார்.

இன்று கடைசித் தாள். தேறினால் மலைச்சாலை அறிக்கைகளில் அவளே கையெழுத்திடலாம். தவறினால் அடுத்த வருடம்தான். அதற்குள் கையெழுத்துப் போடும் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பரீட்சைக்குக் கணினியே காவல். இன்னொரு மனிதக் குரல் கேட்டால் எச்சரிக்கை வரும். மூன்றாவது தடவை பரீட்சை தானாக மூடிக்கொள்ளும். அதனால் கணவன் கிங்ஸ்லி காலையிலேயே மைக் செட் கருத்தையாவைப் பிடித்து, வீட்டைப் பார்த்திருந்த குழாய் ஸ்பீக்கரை வயல் பக்கம் திருப்ப வைத்தான். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று.

முதல் கேள்வியைப் பார்த்ததும் ஃபெபிக்குச் சிரிப்பு வந்தது. சரிவின் உச்சியில் வெடிப்பு, அதில் பாதியளவு தண்ணீர், பாறை நிற்குமா? அவள் படம் போட்டு வேகமாக எழுதினாள்.

"ஃபெபிக்கா, அசனச் சோறு வாங்க ஒரு வாளி தாங்களேன்!"

பக்கத்து வீட்டு ஸ்டெபி, கதவுக்கு வெளியே. திரையில் முதல் எச்சரிக்கை. கிங்ஸ்லி வாசலுக்குப் பாய்ந்தான்.

"ஏ ஸ்டெபி, உள்ள பரீச்ச நடக்குது, சத்தம் போடாத!"

அவன் போட்ட சத்தத்துக்கு இரண்டாவது வந்தது. கிங்ஸ்லி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஃபெபி அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். ஒவ்வொன்றாக முடித்து கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள். நன்றாகவே எழுதியிருந்தாள், அது அவளுக்குத் தெரிந்தது.

வெளியே பாட்டு நின்றது. கரகரவென்று ஒரு இரைச்சல். பிறகு அறைக்குள்ளேயே நின்று பேசுவது போல குருவானவரின் குரல் இறங்கியது.

"நம்முடைய சபையின் மகள் ஃபெபி இந்த வேளையில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆண்டவரே, அவளுக்கு ஞானத்தைத் தாரும்..."

சபை முழுவதும் ஆமென் என்றது. திரை சிவந்தது. தேர்வு ரத்து, எழுதிய விடைகள் செல்லாது என்று இரண்டே வரி.

ஃபெபி அந்த இரண்டு வரியையும் மறுபடி மறுபடி படித்தாள்.

"எவம்லே குழாயத் திருப்புனது?" என்று கிங்ஸ்லி கதவைத் திறந்துகொண்டு ஓடினான். ஓடியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். எதிரே சாலோமி வந்துகொண்டிருந்தார். கையில் சோற்று வாளி, முகமெல்லாம் வேர்வை, அப்படி ஒரு சிரிப்பு.

"ஏட்டி, கேட்டுதா? நாந்தான் ஐயாட்ட சொல்லி ஒனக்கு ஜெபம் பண்ண வச்சேன். குழாய் அங்கன வயலப் பாத்துக் கெடந்துது. ஏம் மருமவளுக்குக் கேக்காண்டாமான்னு கருத்தையாட்ட சண்ட போட்டுத் திருப்ப வச்சேன்."

கிங்ஸ்லி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலேயே எழுந்து வந்திருந்த ஃபெபி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கேட்டுது அத்த. நல்லாக் கேட்டுது."

"நீ பாஸாவுனா அடுத்த அசனத்துக்கு ஒரு மூட்ட அரிசின்னு ஆண்டவருக்கு நேந்து பொருத்தன பண்ணியிருக்கேன். ஒம் பேருலயும் எம் பேருலயும் சேத்து."

ஃபெபிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மருமகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து, சாலோமி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.